அமெரிக்கக் கொல்லைப்புற மரத்தளம்: ரெட்வுட் முதல் நெகிழிப் பலகை வரை

கொல்லைப்புற மரத்தளம் என்பது வீட்டின் பின்சுவரை ஒட்டி, தரையிலிருந்து சற்று உயரத்தில், கால்களின் மீது பலகைகளைப் பரப்பிக் கட்டப்படும் கூரையில்லாத தளமாகும். ஆங்கிலத்தில் இதற்கு டெக் என்று பெயர். கப்பலின் மேல்தளத்தைக் குறிக்கும் சொல்லும் இதுவே. தரையிலேயே கல், செங்கல், கான்கிரீட் ஆகியவற்றுள் ஒன்றைப் பாவி அமைப்பது பேட்டியோ எனப்படும். இது வீட்டின் உள்முற்றத்தைக் குறித்த ஸ்பானியச் சொல். அமெரிக்காவில் அது முற்றத்திலிருந்து நழுவிக் கொல்லைக்கு வந்துவிட்டது.

மழை, வெயில், பனி, கரையான், பூஞ்சை ஆகிய அனைத்துக்கும் நடுவே ஆண்டுக்கணக்கில் திறந்து கிடக்கும் ஒரு தளத்தை எதைக் கொண்டு கட்டுவது? அமெரிக்க வீட்டுக்காரர்கள் இந்தக் கேள்விக்கு 1940களிலிருந்து வெவ்வேறு விடைகளைத் தேர்ந்தெடுத்தனர். முதல் விடை பழங்காட்டு மரம். இரண்டாவது விடை ஆர்சனிக் ஏற்றிய பைன் மரம். அந்த உப்பு இந்தியாவில் டேராடூனில் உருவானது. மூன்றாவது விடை பழைய நெகிழிப் பைகளும் மரத்தூளும். ஒவ்வொரு விடையும் முந்தையதன் குறையைத் தீர்க்க வந்து, தனக்கென ஒரு குறையையும் கொண்டுவந்தது.

முன்பக்கத்திலிருந்து பின்பக்கத்துக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க வீட்டில் வெளியே உட்காரும் இடம் வீட்டின் முன்பக்கத்தில் இருந்தது. போர்ச் எனப்படும் அந்தக் கூரையிட்ட தாழ்வாரம் ஏறக்குறைய நம் ஊர்த் திண்ணையின் வேலையைச் செய்தது. தெருவில் போவோரோடு பேசவும், கோடை மாலையில் காற்று வாங்கவும் அது பயன்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இந்தப் பழக்கம் குலைந்தது. தெருவில் நடப்பவர்கள் குறைந்து கார்கள் பெருகின. குளிர்சாதனமும் தொலைக்காட்சியும் மாலை நேரத்தை வீட்டுக்குள் இழுத்தன.

1944ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி போர்வீரர்களுக்கு எளிய வீட்டுக்கடன் கிடைத்தது. 1947இல் நியூயார்க் அருகே லாங் தீவில் தொடங்கிய லெவிட்டவுன் போன்ற புதுக் குடியிருப்புகள் வரிசை வரிசையாக எழுந்தன. அவற்றில் முன்பக்கத் தாழ்வாரத்துக்கு இடமில்லை. ஆனால் பின்னால் சொந்தமாக ஒரு புல்வெளி இருந்தது. குழந்தைகள் விளையாடுவதும், விருந்தினருக்கு இறைச்சி சுடுவதும், வெயில் காய்வதும் அங்கு நடக்கலாயின. அந்தப் புல்வெளிக்கும் சமையலறைக்கும் நடுவே காலில் சேறு படாத ஒரு தளம் தேவைப்பட்டது.

கலிபோர்னியாவும் ரெட்வுட்டும்

மரத்தளம் ஒரு பாணியாகத் திரண்டது கலிபோர்னியாவில். அங்குள்ள வீடுகள் பல மலைச்சரிவில் இருந்தன. பேட்டியோ கட்ட வேண்டுமானால் சரிவை வெட்டிச் சமப்படுத்தி, தாங்குசுவர் எழுப்ப வேண்டும். கால்களின் மீது பலகை போட்டால் இந்தச் செலவு இல்லை. இருக்கும் மரங்களையும் வெட்ட வேண்டியதில்லை. நிலத்தோற்றக் கலைஞர் தாமஸ் சர்ச் இதை நன்கு பயன்படுத்தினார். சொனோமாவில் 1948இல் அவர் வடிவமைத்த டொனெல் தோட்டத்தில், வளைந்த நீச்சல் குளத்துக்கு அருகே, தளத்தில் துளைவிட்டு ஓக் மரங்கள் அப்படியே மேலெழும்ப இடம் கொடுக்கப்பட்டிருந்தது. அதன் படங்கள் இதழ்களில் வெளிவந்து பலரையும் இந்தப் பாணிக்கு ஈர்த்தன.

இத்தகைய தளங்களுக்குப் பயன்பட்ட மரம் ரெட்வுட். இதை ஆந்திரத்துச் செம்மரத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இது கலிபோர்னியக் கடற்கரையில் 100 மீட்டருக்கும் மேல் வளரும் ஊசியிலை மரம். நம் தச்சர்கள் வைரம் என்று சொல்லும் உள்மரத்தில் இயற்கையாகவே அமைந்த வேதிப்பொருள்கள் பூஞ்சையையும் பூச்சியையும் தடுக்கின்றன. மரம் எடை குறைவாக இருக்கும், எளிதில் முறுக்காது, இழைக்கவும் இலகுவானது. வடக்கே செடார் மரத்துக்கும் இதே குணங்கள் உண்டு. வண்ணமோ மருந்தோ பூசாமல் விட்டால் வெள்ளிச் சாம்பல் நிறத்துக்கு மாறும். அந்த நிறத்தை விரும்பியவர்களும் பலர்.

சிக்கல் எங்கே என்றால், இந்தத் தாங்கும் குணம் நூற்றாண்டுகள் வளர்ந்த மரத்தின் வைரத்தில்தான் நிறைந்திருந்தது. வெட்டிய இடத்தில் மறுபடி வளர்ந்த இளமரத்தில் வெளிப்புற வெள்ளைப் பகுதி அதிகம். அது வெகு விரைவில் உளுத்துப்போகும். ஏறக்குறைய 20 லட்சம் ஏக்கராக இருந்த பழைய ரெட்வுட் காட்டில் இன்று எஞ்சியிருப்பது சுமார் 5 சதவீதம்தான். இந்த அழிவு தளங்களுக்காக மட்டும் நிகழ்ந்ததல்ல. அதற்கு முன்பே வீடுகளும் தொட்டிகளும் பாலங்களும் அந்த மரத்தைத் தின்றிருந்தன. எனினும், பழங்காட்டு மரத்துக்குப் புதிய கிராக்கி ஏற்பட்ட அதே காலத்தில்தான் காட்டைக் காப்பவர்களின் போராட்டமும் வலுத்தது. 1968இல் ரெட்வுட் தேசியப் பூங்கா உருவாகி, 1978இல் விரிவாக்கப்பட்டது. நல்ல வைரப் பலகையின் விலை நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டாமல் போயிற்று.

டேராடூனில் பிறந்த உப்பு

மலிவான மரத்தை உளுக்காமல் செய்வது பழைய கனவு. 1838இல் ஆங்கிலேயரான ஜான் பெத்தெல் இரும்பு உருளைக்குள் மரத்தை அடைத்து, நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் கிரியோசோட் எண்ணெயை அழுத்தத்தால் மரத்துக்குள் ஏற்றும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இருப்புப்பாதைக் கட்டைகள் இதனால் நீண்ட காலம் நின்றன. ஆனால் கிரியோசோட் கறுப்பு நிறம் உடையது; பிசுபிசுக்கும்; நாறும். இருப்புப்பாதைக்குப் பொருந்திய அது வெறுங்காலில் நடக்கும் வீட்டுத் தளத்துக்குப் பொருந்தவில்லை.

மாற்று வந்த இடம் டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனம். அங்கு மரப் பாதுகாப்பு ஆய்வில் ஈடுபட்டிருந்த சொந்தி காமேசன், 1933இல் மூன்று உப்புகளைத் தண்ணீரில் கரைத்து ஒரு கலவை உருவாக்கினார். அதில் ஆர்சனிக் பென்டாக்சைடு ஒரு பங்கு, மயில்துத்தம் எனப்படும் தாமிர சல்பேட் மூன்று பங்கு, டைக்குரோமேட் நான்கு பங்கு. ஆர்சனிக், தாமிரம் ஆகியவற்றின் வேதிக் குறியீடுகளைச் சேர்த்து இதற்கு அஸ்கு என்று பெயரிடப்பட்டது. 1938இல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. உலகில் கோடிக்கணக்கான வீடுகளின் கொல்லைப்புறத்தை மாற்றிய இந்த இந்தியரின் பெயர் இந்தியப் பாடநூல்களில் அரிதாகவே காணப்படுகிறது.

காமேசனின் நுட்பம் நஞ்சைச் சேர்த்ததில் இல்லை. தாமிரம் பூஞ்சையைக் கொல்லும், ஆர்சனிக் பூச்சியைக் கொல்லும் என்பது முன்பே தெரிந்ததுதான். நம் மரபு மருத்துவத்திலும் ஆர்சனிக் சேர்மங்கள் பாஷாண வகையில் சேர்ந்தவை. அவற்றுள் ஒன்றான அரிதாரம் கூத்துக்கலைஞர்களின் முகப்பூச்சுக்கே பெயர் கொடுத்திருக்கிறது. நீரில் கரையும் உப்பை மரத்தில் ஏற்றினால் அடுத்த மழையிலேயே அது கழுவிக்கொண்டு போய்விடும் என்பதே அதுவரை இருந்த தடை. காமேசன் சேர்த்த குரோமியம் மரத்தின் வேதிப்பொருள்களோடு வினைபுரிந்து வேறு வடிவம் பெறும்போது, தாமிரத்தையும் ஆர்சனிக்கையும் எளிதில் கரையாத சேர்மங்களாக மரத்துக்குள்ளேயே பூட்டிவிட்டது. ஏற்றும்போது நீர், ஏற்றிய பின் ஏறக்குறைய கல். இந்த "ஏறக்குறைய" என்ற சொல்லில்தான் பின்னாளைய சர்ச்சை முழுவதும் அடங்கியிருந்தது.

பச்சை நிறப் பலகை

அமெரிக்காவில் இந்த உப்பு முதலில் கம்பங்களுக்கும் வேலிக்கால்களுக்கும் பயன்பட்டது. மூன்று தனிமங்களின் ஆங்கில முதலெழுத்துகளைக் கொண்டு இது சிசிஏ என்று வழங்கலாயிற்று. மிசிசிப்பி மாநிலத்தின் ஈரமான மண்ணில் அமெரிக்க வனத்துறை ஆய்வாளர்கள் 1938 முதல் மரக்குச்சிகளை நட்டுச் சோதித்து வந்தனர். மருந்து ஏற்றாத பைன் குச்சிகள் சில ஆண்டுகளில் உளுத்துவிட, சிசிஏ நன்கு ஏறிய குச்சிகள் பல பத்தாண்டுகள் நின்றன.

1970களில் வீட்டுச் சந்தை திறந்தது. தென்மாநிலங்களில் தோட்டப் பயிராக விரைந்து வளரும் மஞ்சள் பைன் மரத்தில் வெள்ளைப் பகுதிதான் மிகுதி. வைரம் வேண்டிய தச்சனுக்குக் குறையாகத் தெரிந்த இது இங்கே நிறையாயிற்று. அந்தப் பகுதிதான் கரைசலை ஆழமாக உறிஞ்சும். மரத்தை உருளையில் அடைத்து, காற்றை வெளியே இழுத்து, கரைசலை நிரப்பி, அழுத்தம் கொடுத்து எடுத்தால் இலேசான பச்சை நிறத்தோடு பலகை வெளியே வரும். தரைக்கு மேலே பயன்படும் மரத்துக்குக் கன மீட்டருக்கு 4 கிலோ உப்பும், மண்ணில் புதையும் காலுக்கு 6.4 கிலோவும் ஏற்ற வேண்டும் என்பது வழக்கமான அளவு. வீட்டுப் பலகைகளில் அந்த உப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆர்சனிக் ஆக்சைடு.

விலை ரெட்வுட்டைவிட வெகு குறைவு. தச்சரை அழைக்காமல் தாமே கட்டிக்கொள்ளும் பழக்கமும், அதற்கென்றே எழுந்த பெருங்கடைகளும் இந்தப் பலகையை ஊர்தோறும் கொண்டுசேர்த்தன. வார இறுதியில் வண்டியில் ஏற்றி வந்து, இரண்டு மூன்று வாரங்களில் ஒரு குடும்பம் தனக்கென ஒரு தளத்தைக் கட்டிவிடலாம். பூங்காக்களின் ஏணிகளும் சறுக்குமரங்களும் அதே பலகையால் எழுந்தன. 1990களின் இறுதியில் வீட்டு வெளிப்புறத்துக்கென விற்ற மருந்தேற்றிய மரத்தில் பெரும்பங்கு சிசிஏதான்.

மண்ணில் ஆர்சனிக்

எச்சரிக்கைகள் முன்பே இருந்தன. 1978இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மர மருந்துகளை மறுஆய்வுக்கு எடுத்தது. 1984இல் விஸ்கான்சின் மாநிலத்தின் கிராமப்புறக் குடும்பம் ஒன்றைப் பற்றி மருத்துவ இதழொன்றில் ஒரு கட்டுரை வெளிவந்தது. எட்டுப் பேர் கொண்ட அந்தக் குடும்பத்தினர் குளிர்காலந்தோறும் நோயுற்றனர். நரம்புக் கோளாறு, தோல் நோய், முடி உதிர்தல் எனத் துன்பங்கள் வந்து வந்து போயின. அடுப்பில் அவர்கள் எரித்த மீதமான சிசிஏ பலகைதான் காரணம் என்று பின்னர் தெரியவந்தது. எரித்தால் மரம் போய்விடும். ஆர்சனிக் புகையிலும் சாம்பலிலும் நிற்கும்.

மறுஆய்வின் முடிவில் வீட்டுப் பயன்பாடு தடுக்கப்படவில்லை. வாங்குபவருக்கு ஓர் எச்சரிக்கைத் தாள் கொடுப்பதாக உற்பத்தியாளர்கள் ஒப்புக்கொண்டனர். அறுக்கும்போது முகமூடி அணிக, துண்டுகளை எரிக்காதீர், உணவு வைக்கும் பலகையாகப் பயன்படுத்தாதீர் என்பன அதன் செய்திகள். தாமாக முன்வந்து செய்யும் ஏற்பாடு என்பதால் அந்தத் தாள் பல கடைகளில் வாங்குபவரின் கைக்கு வந்து சேரவில்லை. பலகையிலேயே எச்சரிக்கைச் சீட்டை அடித்து ஒட்டும் ஏற்பாடு 2001இல்தான் வந்தது.

1997இல் கனெக்டிகட் வேளாண் ஆய்வு நிலையத்தின் ஆய்வாளர்கள் வீடுகளின் மரத்தளங்களுக்கு அடியிலுள்ள மண்ணை எடுத்து அளந்தனர். அருகிலிருந்த மண்ணில் கிலோவுக்குச் சுமார் 4 மில்லிகிராம் ஆர்சனிக் இருந்தது. தளங்களுக்கு அடியிலோ சராசரி 76 மில்லிகிராம். மழைநீர் பலகை வழியே சொட்டிச் சொட்டிக் கொண்டுவந்து சேர்த்தது அது. புளோரிடாவிலும் ஆய்வாளர்கள் இதையே கண்டனர். 2001 மார்ச்சில் அம்மாநில நாளிதழ் ஒன்று விளையாட்டுத் திடல்களின் மண்ணைச் சோதித்து எழுதிய தொடர் பெரும் கலக்கத்தை உண்டாக்கியது. சில ஊர்களில் விளையாட்டுத் திடல்கள் மூடப்பட்டன.

மண்ணைவிடப் பெற்றோரை அச்சுறுத்தியது பலகையின் மேற்பரப்புதான். கையால் தேய்த்தாலே சிறிதளவு ஆர்சனிக் ஒட்டிக்கொள்ளும். பெரியவர்கள் கை கழுவுவார்கள். தவழும் குழந்தை கையை வாயில் வைக்கும். ஆர்சனிக்கோ புற்றுநோயை உண்டாக்கும் பொருளாக உறுதிப்பட்டது. அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் அலுவலர்கள் 2003இல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டனர். சிறு வயதில் சிசிஏ மரத்தாலான விளையாட்டுச் சாதனங்களில் விளையாடியவர்களுக்கு, அதன் காரணமாக வாழ்நாளில் நுரையீரல் அல்லது சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வரும் கூடுதல் வாய்ப்பு பத்து லட்சத்துக்கு 2 முதல் 100 வரை என்பதே அது. தனியொரு குழந்தைக்கு இது மிகச் சிறிய வாய்ப்பு. ஆனால் நாடு முழுவதும் குழந்தைகள் ஏறி இறங்கும் ஒரு பொருளுக்கு இதைச் சிறிது என்று ஒதுக்கிவிட முடியவில்லை.

முடிவு வழக்குமன்றத் தீர்ப்பாகவோ தடைச்சட்டமாகவோ வரவில்லை. 2002 பிப்ரவரி 12 அன்று, உற்பத்தியாளர்கள் தாமாகவே வீட்டுப் பயன்பாட்டிலிருந்து விலகுவதாகச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அறிவித்தது. 2003 டிசம்பர் 31க்குப் பின் வீட்டுத் தளங்களுக்கான மரத்தில் சிசிஏ ஏற்றுவது நின்றது. கனடாவும் அதே காலத்தில் நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியமும் அதன் பின்னர் கட்டுப்பாடு கொண்டுவந்தது. நியூசிலாந்து வீட்டு மரத்தில் இதைத் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறது.

ஆணி அரித்த கதை

ஆர்சனிக்கும் குரோமியமும் போன இடத்தைத் தாமிரத்தை மிகுதியாகக் கொண்ட மாற்று மருந்துகள் நிரப்பின. குழந்தைகளுக்கு இவை பாதுகாப்பானவை. ஆனால் பூட்டிவைக்கக் குரோமியம் இல்லை, தாமிரமோ அதிகம். ஈரத்தில் தாமிரமும் இரும்பும் சேர்ந்தால் இரும்பு அரிக்கும் என்பது பள்ளி வேதியியல். பழைய வழக்கப்படி மெல்லிய துத்தநாகப் பூச்சுள்ள ஆணிகளை அடித்தவர்கள், பலகை நன்றாக இருக்க ஆணி தேய்ந்து மெலிவதைக் கண்டனர். வீட்டுச் சுவரோடு தளத்தை இணைக்கும் குறுக்குக்கட்டையில் இப்படி நேர்ந்தால் தளமே சரிந்து விழும். உருகிய துத்தநாகத்தில் தோய்த்த ஆணிகள் அல்லது துருவேறா எஃகு ஆணிகள்தான் வேண்டும் என்ற விதி இதன் பின்னரே பரவலாயிற்று. பொருளைத் தேர்வது பலகையோடு முடிவதில்லை என்பதைப் பலர் செலவழித்துக் கற்றனர்.

பைகளும் மரத்தூளும்

ரோஜர் விட்டன்பெர்க் என்பவர் கழிவு நெகிழியையும் மரத்தூளையும் உருக்கிக் கலந்து பலகை செய்யும் முறையை உருவாக்கினார். 1992இல் மொபில் நிறுவனத்தின் வேதிப்பொருள் பிரிவு அதை வாங்கியது. 1996இல் அப்பிரிவின் அலுவலர்கள் நால்வர் அதைத் தனியே வாங்கி டிரெக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினர். கடைகளில் பொருள் போட்டுத் தரும் பாலிஎத்திலீன் பைகளும், மரப்பட்டறைக் கழிவும் இதன் மூலப்பொருள்கள். ஆர்சனிக் பற்றிய அச்சம் எழுந்த வேளையில் இந்தப் பலகை சந்தையில் தயாராக இருந்தது இதன் வளர்ச்சிக்கு உதவியது.

"உளுக்காது, சிலாம்பு ஏறாது, வண்ணம் பூச வேண்டாம்" என்பவை இதன் பெருமைகள். முதல் தலைமுறைப் பலகைகள் இவற்றை முழுவதும் காப்பாற்றவில்லை. கலந்திருந்த மரத்தூள் ஈரத்தை உறிஞ்சிப் பூஞ்சைக் கறைக்கு இடம் கொடுத்தது. வெயிலில் நிறம் மங்கியது. 2000களின் இறுதியில் பலகையைச் சுற்றி மெல்லிய நெகிழி உறை போர்த்தும் முறை வந்தபின் இக்குறை பெரிதும் நீங்கியது. இரண்டு குறைகள் இன்னும் உண்டு. அடர் நிறப் பலகை வெயிலில் வெறுங்கால் வைக்க முடியாதபடி சுடும். மரத்தையும் நெகிழியையும் பிரிக்க முடியாததால், பழையதாகிப் போனபின் அதை மறுபடி பயன்படுத்துவதும் எளிதன்று. விலையோ மருந்தேற்றிய பைனைவிட அதிகம். எனவே மேலே நெகிழிக் கலவைப் பலகை, கீழே தாங்கும் சட்டங்களுக்கு மருந்தேற்றிய பைன் என்பதே இன்று பரவலான சமரசம்.

தெற்கத்திக் கடுமரம்

செயற்கையையும் மருந்தையும் விரும்பாத வசதியுள்ளவர்கள் இப்பே மரத்தை நாடினர். பிரேசில் முதலிய தென்னமெரிக்க நாடுகளில் வளரும் இம்மரம் தண்ணீரில் மூழ்கும் அளவுக்கு அடர்த்தியானது. துளையிடாமல் ஆணி இறங்காது. நியூயார்க் நகரின் கோனி தீவுக் கடற்கரையில், 1923இல் திறக்கப்பட்ட மரநடைபாதையின் பலகைகளை மாற்றும்போது நகராட்சி பல ஆண்டுகளாக இம்மரத்தையே வாங்கி வந்தது. அடர்ந்த காட்டில் இப்பே மரங்கள் ஒன்றுக்கொன்று வெகு தொலைவில்தான் நிற்கும். ஒன்றை வெட்டி இழுத்துவரப் பாதை போட்டால் அந்தப் பாதை வழியே மற்ற அழிவுகளும் வரும். 2008இல் நியூயார்க் வெப்பமண்டல மரப் பயன்பாட்டைக் குறைக்கத் திட்டமிட்டது. 2012இல் சாண்டி புயல் ராக்கவே கடற்கரையின் நடைபாதையைப் பிய்த்தெறிந்தபின், அது கான்கிரீட்டால் மீண்டும் கட்டப்பட்டது. அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இப்பேயைச் சேர்க்க 2022இல் முடிவாகி, 2024 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. ரெட்வுட்டின் கதை வேறு கண்டத்தில் மறுபடி நிகழ்ந்தது என்று சொல்லலாம்.

கல்லும் கான்கிரீட்டும்

பேட்டியோவின் வரலாற்றில் இத்தகைய திருப்பங்கள் குறைவு. செங்கல்லும் கல்பலகையும் உளுக்குவதில்லை. அங்கே எதிரி மண்ணில் உறையும் நீர். வடமாநிலங்களில் குளிர்காலத்தில் ஈரமண் உறைந்து உப்பும்போது ஒற்றைத் துண்டாக வார்த்த கான்கிரீட் வெடிக்கும். தனித்தனியாகக் கோத்துப் பதிக்கும் கான்கிரீட் கற்கள் இதற்குச் சிறந்த மாற்று. போருக்குப் பின் செங்கல் தட்டுப்பாடு நிலவிய நெதர்லாந்தில் தெருக்களுக்காகத் தோன்றி, ஜெர்மனியில் இயந்திர உற்பத்தியாக வளர்ந்து, 1970களில் வட அமெரிக்காவுக்கு வந்தவை இவை. மண் அசைந்தால் கற்களும் சேர்ந்து அசையும். இடம் தாழ்ந்தால் பெயர்த்து மணலிட்டு மறுபடி பதிக்கலாம். நிலம் சமமாக இருந்தால் இது மரத்தளத்தைவிட நீடிக்கும். சரிவாக இருந்தால் தாமஸ் சர்ச் காலத்துக் கணக்கே இன்றும் பொருந்தும்.

எஞ்சியுள்ள தளங்கள்

2003க்கு முன் கட்டிய சிசிஏ தளங்களைப் பிரித்தெடுக்குமாறு அமெரிக்க அரசு சொல்லவில்லை. ஆண்டுக்கு ஒருமுறையாவது மரத்துக்குள் இறங்கும் எண்ணெய்ப் பூச்சு பூசுமாறும், விளையாடியபின் குழந்தைகளின் கையைக் கழுவுமாறும், உணவை நேரடியாகப் பலகை மீது வைக்க வேண்டாம் என்றும் அறிவுறுத்தியது. எனவே அவற்றுள் பல இன்றும் நிற்கின்றன. வீடு கைமாறும்போது இந்தச் செய்தி புதியவருக்குச் சொல்லப்படாமல் போவதுண்டு. பச்சை நிறம் மங்கிச் சாம்பலானபின், எந்தப் பலகையில் ஆர்சனிக் இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது; சோதித்துத்தான் அறிய வேண்டும்.

பிரித்தெடுத்தாலும் அது போகும் இடம் ஒரு கேள்வியாகவே இருக்கிறது. எரிக்கக் கூடாது. குப்பைமேட்டில் அடியில் காப்புறை இல்லையென்றால் நிலத்தடி நீருக்கு ஆர்சனிக் கசியும். புளோரிடாவில் இடித்த கட்டடங்களின் மரத்தை அரைத்துத் தோட்டங்களில் மண்மூடாக்காக விற்றபோது, அதில் சிசிஏ மரத்துண்டுகளும் கலந்திருந்ததை ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். ஒரு வீட்டின் தளத்திலிருந்து அகற்றிய ஆர்சனிக், அரைத்த தூளாக வேறொரு வீட்டின் பூச்செடிகளுக்கு அடியில் போய்ச் சேர்ந்தது.